வீட்டுத்தோட்டம்: காலம் தப்பிய மழை



"அக்கா, கார்த்திகை மழைக்கு முன் நட்ட கத்தரியும் மிளகாயும் வெள்ளம் நின்று அழுகிவிட்டன. மழை விட்ட பிறகு நட்டால் பங்குனியில் தண்ணீர் இல்லை. எப்போதுதான் நடுவது?" என்று கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. மாதாமாதம் உங்களுக்குத் தோட்டம் சொல்லித்தரும் என்னுடைய தோட்டமும் அதே மழையில்தான் போனது.

எங்கள் நல்லதண்ணி, சிவனொளிபாத மலைக்கு ஹட்டன் வழியாக வருகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம். 2243 மீற்றர் உயரமான அந்த மலையின் அடிவாரம். வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை எங்களை நனைத்தெடுக்கும். தை பிறந்தால் வெயில். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். அதைக் கணக்குப் பண்ணித்தான் லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் செவ்வந்தியும் டேலியாவும் போடுவேன். பூ விற்ற காசில் ஜனவரியில் மகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்குவது வழக்கம். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு எங்கள் சட்டிக்கு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. அந்த இழப்புக்கு முன் என் செவ்வந்தி ஒரு பொருட்டல்ல. ஆனாலும் உயிர் தப்பியவர்கள் மறுநாள் சமைத்துச் சாப்பிட வேண்டுமே. ஆகவே தோட்டத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் போய்ப் பார்த்தேன். போஞ்சி இலைகள் மஞ்சளாகியிருந்தன. உரம் கரைந்து போய்விட்டது என்று நினைத்து ஒரு பிடி யூரியா போட்டேன். அதுதான் நான் செய்த பிழை. செடிக்கு அப்போது பசி இல்லை, மூச்சுத் திணறல். மண்ணில் தண்ணீர் நிறைந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர் உரத்தை எடுக்காது. போட்ட யூரியா அடுத்த மழையோடு கானில் ஓடிவிட்டது. மழைக்குப் பிறகு முதல் வேலை வாய்க்காலை வெட்டி நீரை வடிய விடுவதுதான். மண் கையில் ஒட்டாத பதம் வந்தபின் மெதுவாகக் கிளறி, புதுத் துளிர் கண்ட பிறகே உரம் போட வேண்டும்.

தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் வேறு கதை. இலையில் கரும்பழுப்புத் திட்டுகள். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சணம் போல ஒரு படலம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களிலேயே தோட்டம் முழுவதையும் கருக்கிவிடும் வெளிறல் நோய் இது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே நோய்தான்.

நம் நாட்டிலும் ஓர் இலை நோய் ஒரு சனத்தின் கதையையே மாற்றியது. இந்த மலைகளில் முதலில் இருந்தது தேயிலை அல்ல, கோப்பி. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது. நனைந்த இலையில்தான் அந்த நோயின் வித்து முளைக்கும். நம் மலைகளின் மழைக்கும் மூடுபனிக்கும் அது வேகமாகப் பரவியது. சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் விழுந்து தேயிலை வந்தது. எங்கள் முன்னோரின் கைகள் பழம் பறிப்பதை விட்டுக் கொழுந்து பறிக்கத் தொடங்கின. இலையில் ஈரம் தங்குவது சின்ன விஷயமல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி, செய்ய வேண்டியவை:

1. செடிகளை நெருக்கி நடாதீர்கள். காற்று ஓடினால் இலை சீக்கிரம் காயும். தக்காளியைக் கம்பில் கட்டி, நிலத்தைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளி விடுங்கள். தண்ணீரை மாலையில் இலைமேல் ஊற்றாமல், காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

2. நோய் பிடித்த இலையைக் குப்பைக் குழியில் போடாதீர்கள். தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள். நோய் கண்ட இடத்தில் அடுத்த தடவை தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி வேண்டாம். போஞ்சி, கீரை, முள்ளங்கி போடலாம்.

3. பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். வெள்ளம் நிற்கும் இடமென்றால் பழைய உரப்பைகளின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, கல்லின் மேல் வையுங்கள். என் தோட்டத்தில் தப்பியவை கூரை ஓரத்தில் பையில் நின்ற கீரையும் கறிமிளகாயும், கொய்யா மரத்தில் ஏறியிருந்த சவ்சவ் கொடியும்தான். அந்த டிசம்பரில் எங்கள் சட்டியை நிரப்பியவை அவைதான்.

4. பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிவிடும். எங்கள் தேயிலை மண் ஏற்கெனவே புளிப்பு மண். ஹைட்ரேஞ்சியா பூ இங்கே நீலமாகப் பூப்பது அதனால்தான். அதனால் மரக்கறிக்கு முன் டொலமைட் தூவுகிறோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு இது தேவையில்லை. உங்கள் மண் எப்படிப்பட்டது என்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். "எப்போது நடுவது" என்று ஒரே நாளைத் தேடாதீர்கள். மழை பழைய கணக்குப்படி வருவதில்லை. விதையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை மழைக்கு முன் உயர்ந்த பாத்தியில் போடுங்கள். ஒரு பங்கை மூன்று வாரம் கழித்துப் பையில் நாற்றாக வளருங்கள். மூன்றாவது பங்கு போத்தலில் இருக்கட்டும். மழைக்குப் பின் நட்டவற்றின் அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடினால் பங்குனி வெயிலில் ஈரம் நிற்கும். பாதி போனாலும் பாதி மிஞ்சும். வேலியோரம் ஒரு முருங்கையும் நிற்கட்டும்.

மலைநாட்டில் இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாத்தி போட இடமில்லை என்று லயத்துக்குப் பின்னால் உள்ள மண் திட்டை வெட்டாதீர்கள். கானை மூடி நடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கசியும் கலங்கல் நீர் இவற்றைக் கண்டால், அல்லது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேட்டால், பிள்ளைகளோடு வெளியேறுங்கள். தோட்டத்தை மறுபடி போடலாம்.

இந்த ஜனவரியில் கொப்பியைக் கடனுக்குத்தான் வாங்கினேன். அன்றிரவு உங்களை நினைத்துக்கொண்டேன். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் இந்தத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும் உங்களுக்குள் உண்டு. இடம்பெயர்ந்த இடத்திலெல்லாம் அறுவடைக்கு இருப்போமா என்று தெரியாமலே ஒரு மிளகாய்க் கன்றை நட்டவர்கள் நீங்கள். எனக்கு ஒரு போகம்தான் போனது. மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்தேன். போத்தலில் வைத்திருந்த போஞ்சி விதை இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறது.

அடுத்த மாதம் விதையைப் பூச்சி அரிக்காமல் சேமிப்பது பற்றிப் பேசுவோம். உங்கள் ஊரில் மழை எப்படி, எது தப்பியது, எது போனது என்று எழுதுங்கள்.