டூத்பிக்கால் பிழைக்கும் ஆர்கிட்!

ஜூலை மாதத் தொடக்கத்தில் சிகாகோவைச் சுற்றியுள்ள சில புல்வெளிகளுக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கையில் டூத்பிக் வைத்துக்கொண்டு சிலர் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வெள்ளைப் பூவுக்குள் குச்சியை மெல்ல விட்டு, அதில் ஒட்டிய மகரந்தத்தை எடுத்துப்போய் இன்னொரு செடியின் பூவில் வைப்பார்கள். இது அந்துப்பூச்சி பார்க்கவேண்டிய வேலை. இதற்காக இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லோருமே தன்னார்வலர்கள்.

அந்தப் பூவின் பெயர் பிரெய்ரி ஃபிரிஞ்ச்டு ஆர்கிட். இதழ் ஓரத்தில் குஞ்சம் கட்டியதுபோல இருக்கும். இரவில் மணம் வீசி, ஹாக் மாத் என்ற பெரிய அந்துப்பூச்சிகளை அழைக்கும். செடிகள் குறைந்து, ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டதால் பூச்சியை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. 1989-ல் அமெரிக்க அரசு இதை ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்த நிலை எப்படி வந்தது?

இல்லினாய்ஸுக்கு 'பிரெய்ரி மாநிலம்' என்றே பட்டப்பெயர். ஒரு காலத்தில் அங்கே சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. அந்தக் களிமண்ணை உழுவது லேசில்லை. பழைய கலப்பைகளில் மண் அப்பிக்கொள்ளும். 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு புல்வெளி வேகமாகச் சோளக்காடானது. நல்ல நிலையில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர்தான். அதிலும் பல துண்டுகள் கலப்பை போகாத ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் பிழைத்துக் கிடந்தவை.

1977-ல் ஸ்டீவ் பேக்கர்ட் என்பவர், சிகாகோ ஆற்றின் வடக்குக் கிளையோரம் புதர் மண்டிக் கிடந்த இப்படிப்பட்ட சில துண்டுகளைக் காப்பாற்ற ஆட்களைத் திரட்டினார். விடுமுறை நாள்களில் கூடி, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய பக்தார்ன் புதர்களை வெட்டினார்கள். அருகிலேயே தப்பிப் பிழைத்த செடிகளில் விதை சேகரித்துத் தூவினார்கள். திறந்த வெளியில் முளைத்த விதை, ஓக் மரங்களுக்குக் கீழே முளைக்கவில்லை.

அங்கே என்னதான் வளரும்? பதில் ஒரு பழைய காகிதத்தில் கிடைத்தது. சாமுவேல் மீட் என்ற கிராமத்து மருத்துவர், எந்தச் செடி எங்கே வளர்கிறது என்று குறித்து 1846-ல் வெளியிட்ட பட்டியல் அது. மரமும் புல்லும் கலந்த நிலத்துக்கான செடிகளை அவர் தனியாகக் குறித்திருந்தார். அந்தச் செடிகளைத் தேடிப் பிடித்து விதைத்தார்கள். ஓக் மரத்தடியில் பூக்கள் திரும்பின.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. புல்வெளி நிலைக்க வேண்டுமானால் அவ்வப்போது கட்டுப்பாட்டோடு தீ வைக்க வேண்டும். மரக்கன்றுகள் கருகிவிடும். ஆழமாக வேர்விட்ட புல்லும் பூச்செடியும் மறுபடி துளிர்க்கும். ஆனால் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புகையும் வெட்டுப்பட்ட மரமும்தான். 'காட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக் காட்டையே அழிக்கிறார்களே' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1996-ல் குக் கவுன்ட்டி நிர்வாகம் மொத்த வேலையையும் நிறுத்திவைத்தது. நிறுத்திய இடங்களில் புதர் மறுபடி ஏறியது. தன்னார்வலர்கள் அக்கம்பக்கத்தாரிடம் பொறுமையாக விளக்கவேண்டி வந்தது. தடை படிப்படியாகத்தான் விலகியது.

ஆர்கிட் விஷயத்திலும் அவசரம் எடுபடாது. டூத்பிக் பட்ட பூ காயாகும். அதன் விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் பூக்கப் பல வருடங்கள் ஆகும். பூத்த செடியை மான் கடித்துவிடாமல் சில இடங்களில் கம்பிக் கூண்டு வைக்கிறார்கள். காய் முற்றியதும் விதையைத் தூவிவிட்டு, அடுத்த ஜூலையில் மறுபடி டூத்பிக்கோடு வருகிறார்கள்.