காரணம் தெரியாத இரத்தப் பரிசோதனை மாறுபாடுகள்: காத்திருப்பும் மருத்துவமே

மூன்று முறை இரத்தம் கொடுத்தாயிற்று. மூன்று அறிக்கைகளிலும் அதே அளவு தடித்த எழுத்தில் நிற்கிறது. நோய் என்னவென்று மட்டும் எவரும் கூறவில்லை. அடுக்கத்திலிருந்து பெரியகுளத்திற்கு இறங்கியோ கொடைக்கானலுக்கு ஏறியோ பரிசோதனை செய்து வருவோர் எங்களிடம் கூறும் குறை இது. ஒரு நாள் கூலியை இழந்து வந்தவரிடம் ‘ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்பதே எங்கள் கருத்து.

அறிக்கையில் அச்சிடப்படும் இயல்பு வரம்பு, நலத்திற்கும் நோய்க்கும் இடையே எழுப்பிய மதில் அன்று. நலமுடன் வாழும் பலரைச் சோதித்து, அவர்களுள் நடுவில் அமையும் 95 சதவீதத்தினரின் அளவுகளைக் கொண்டே பெரும்பாலும் அது வகுக்கப்படுகிறது. எனவே நலமானவர்களிலும் 100 பேரில் ஐவர் அவ்வரம்பிற்கு வெளியே இருப்பர். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நலமானவருக்கும் ஏதேனும் ஒன்று மாறுபட ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆயினும் ஒரே மாறுபாடு மீண்டும் மீண்டும் வருமாயின், அதைத் தற்செயல் என்று ஒதுக்கலாகாது. அதற்குரிய காரணங்கள் பல. சிலருக்கு அது பிறவியியல்பு: 1901-இல் பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் விவரித்த நிலையில், பிலிருபின் வாழ்நாள் முழுவதும் சற்றே உயர்ந்திருக்கும், பட்டினி கிடந்தால் மேலும் கூடும், கல்லீரலுக்குத் தீங்கில்லை. சில வேளைகளில் இரத்த மாதிரியே காரணமாகும்: மலையில் எடுத்த இரத்தம் பிரிக்கப்படாமல் நெடுநேரம் கழித்து ஆய்வகம் சேர்ந்தால், அணுக்களிலிருந்து கசியும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தோன்றும். வாழும் உயரமும் அளவை மாற்றும்: 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலில் வாழ்வோருக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும்.

வேறு சில மாறுபாடுகள் உண்மையான எச்சரிக்கைகள். தோட்ட மண்ணில் வெறுங்காலுடன் உழைப்பவருக்கு ஈசினோபில் அணுக்கள் தொடர்ந்து உயர்ந்திருந்தால், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் குடற்புழுவைத் தேட வேண்டும். அது பல ஆண்டுகள் அறிகுறியின்றித் தங்கியிருக்கும். ஒருமுறை செய்யும் மலப் பரிசோதனைக்குப் புலப்படாமலும் போகும். பின்னர் வேறொரு நோய்க்கு ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம்.

அனைத்தையும் ஆராய்ந்த பின்னரும் காரணம் விளங்காமல் போவதுண்டு. அப்போது ‘இன்னும் தெரியவில்லை’ என்று மருத்துவர் மனந்திறந்து சொல்ல வேண்டும். அத்துடன் மூன்று செய்திகளை எழுதித் தரவும் வேண்டும்: எந்தெந்த நோய்கள் இல்லையெனத் தெளிந்துள்ளோம், மறுபரிசோதனை எப்போது, எந்த அறிகுறி தோன்றினால் அந்நாள்வரை காத்திராமல் வரவேண்டும். புறநோயாளிகள் நிறைந்த காலைப் பொழுதுகளில் நாங்களும் இதைத் தவறவிடுகிறோம். தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

உங்களிடமும் சிலவற்றை வேண்டுகிறோம். எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். அளவு உயர்கிறதா, நிலையாக நிற்கிறதா என்பதே எங்களுக்கு வழிகாட்டும். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் கூறுங்கள். அச்சத்தால் வாரந்தோறும் நீங்களாகவே பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள். ஆனால் காரணமின்றி உடல் மெலிதல், நீடித்த காய்ச்சல், இரவில் மிகுந்த வியர்வை, இரத்தக்கசிவு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள்.

குறித்த நாளில் மறுபடியும் சோதித்துப் பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்த நாள் வரும்வரை உங்கள் கவலையை நீங்கள் மட்டுமே சுமக்கும்படி விட்டுவிடாதிருப்பது எங்கள் கடமை.