எஸ்க்யூலைட் என்ன விளையாட்டுச் சாமானா?

"எஸ்க்யூலைட் எல்லாம் கத்துக்கிறதுக்குத்தான். லைவ் சைட்டுக்கு மைஎஸ்க்யூஎல் போடுங்க." பிஹெச்பி எழுதத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே இந்த உபதேசம் கிடைத்துவிடும். ஏன் என்று கேட்டால், எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்பதைத் தாண்டிப் பதில் வருவது அரிது.

எஸ்க்யூலைட் என்ற இந்த டேட்டாபேஸ் பிறந்ததே ஒரு போர்க்கப்பல் வேலையில். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பலுக்கான மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர். அது படுத்தால் இவருடைய மென்பொருளும் படுத்துவிடும். நடுவில் சர்வரே வேண்டாம், டிஸ்கில் உள்ள கோப்பை நேரே படித்தால் என்ன என்று யோசித்தார். யோசித்ததைச் செய்தும் காட்டினார், அதுவும் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழிக்கான நீட்சியாக! 2004-இல் வந்த பிஹெச்பி 5-லும் அது உள்ளேயே இருந்தது. அதை ஸ்கிரிப்ட் மொழிக்காரர்களே ஒதுக்குவதுதான் வேடிக்கை.

கூட்டம் வந்தால் தாங்காதாம். எஸ்க்யூலைட்டின் சொந்த இணையதளமே எஸ்க்யூலைட்டில்தான் ஓடுகிறது. நாளுக்கு நான்கைந்து லட்சம் கோரிக்கைகள், அவற்றில் 15 முதல் 20 சதவீதம் டேட்டாபேஸைத் தொடுபவை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பக்கம் ஒன்றுக்குச் சுமார் 200 கியூரி. மைஎஸ்க்யூஎல் பழகியவர் இதைக் கேட்டால் பதறுவார். பதறுவதில் நியாயமும் உண்டு, அங்கே ஒவ்வொரு கியூரியும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இங்கே அது அதே ப்ராசஸுக்குள் நடக்கும் ஒரு ஃபங்ஷன் கால், அவ்வளவுதான்.

"டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்ற பிழையைக் காட்டித்தான் பலரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், உண்மை. ஆனால் ஒரு சாதாரண ஆர்டரை எழுதி முடிக்கச் சில மில்லிசெகண்டு போதும். பிழை வரும் கோடைத் திறந்து பாருங்கள்: டிரான்சாக்ஷனைத் தொடங்கிவிட்டு, நடுவில் பேமென்ட் கேட்வே பதில் சொல்லும்வரை காத்திருக்கும். அத்தனை நேரமும் மற்றவர்கள் வரிசையில். பிஹெச்பியின் எஸ்க்யூலைட்3 வகுப்பில் பிசி டைம்அவுட் (பூட்டு விலகும்வரை காத்திருக்கும் நேரம்) வைக்காவிட்டால் அந்த வரிசைகூடக் கிடையாது, உடனே பிழைதான். படிப்பவரும் எழுதுபவரும் மோதாமலிருக்க 2010-இல் வந்த டபிள்யூஏஎல் முறையையும் பலர் இன்னும் இயக்குவதே இல்லை.

சின்ன விபிஎஸ்ஸில் ரேம் போதாமல் நள்ளிரவில் மைஎஸ்க்யூஎல் செத்துப்போனால் மட்டும் "சர்வர் டவுன்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். மைஎஸ்க்யூஎல்லை யாரும் குறை சொல்வதில்லை.

எஸ்க்யூலைட்டில் குறையே இல்லையா? உண்டு. ஃபாரின் கீ சோதனையை ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாமே இயக்க வேண்டும். டேட்டாபேஸ் கோப்பைப் பப்ளிக் ஃபோல்டரில் போட்டுவைத்தால் வழிப்போக்கர்கூட டவுன்லோடு செய்துகொள்வார். தளத்துக்கு இரண்டாவது வெப் சர்வர் தேவைப்படும் நாள் வந்தால் போஸ்ட்கிரெஸுக்கு மாறிக்கொள்ளலாம். கோப்பை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு மெஷினுக்கும் பகிர்வது மட்டும் வேண்டாம். அங்கே பூட்டு ஒழுங்காக விழும் என்று நம்ப முடியாது.