காற்றுக்குத் திறந்த வழி தீக்கு அடைபடுமா?

கட்டுமானத் தொழிலினருக்காக வெளியான ஒரு மலரில், தருமபுரி மாவட்டத்தில் எழும் மருத்துவமனை, கல்லூரி, விடுதி, வணிக வளாகம் எல்லாம் இனி எச்.பி.எல். எனப்படும் உயரழுத்த லாமினேட் பலகையைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று முகப்பு ஆலோசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வாதம் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. தொப்பூர் முதல் ஓசூர் வரை எலிவேஷன் வேலை பேசப்படும் மேசைகளில் எல்லாம் அதே வாதம் அதே வரிசையில் ஒப்பிக்கப்படுகிறது. பலகை எரியாது; வெப்பத்தைக் குறைக்கும்; மழையைத் தடுக்கும்; மலையையும் மரத்தையும் காக்கும்; பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. இந்த ஐந்தில் ஒன்று பாதி உண்மை. மற்ற நான்கும் அந்தப் பாதி உண்மையின் தோளில் ஏறி உள்ளே நுழைந்தவை.

பொருள் எதனால் ஆனது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான்கு பக்கத்தில் அதைச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கிராஃப்ட் தாளைப் பீனால்-பார்மால்டிஹைடு பிசினில் ஊறவைத்து அடுக்கி, மேலே வண்ணத்தாளும் வெயில் தாங்கும் பூச்சும் கொடுத்து, 120 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ அழுத்தத்தில் இறுக்கினால் கிடைப்பது எச்.பி.எல். எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் தாள், மிச்சம் பிசின். தச்சர்கள் மேசைக்கும் அலமாரிக்கும் ஒட்டும் மைக்காவின் தடித்த வடிவம் இது. அது ஒரு மில்லிமீட்டர், வெளிச்சுவருக்கு வருவது 6 முதல் 10 மில்லிமீட்டர். இந்தப் பொருள்தான் ‘எரியாது’ என்று அவர் எழுதுகிறார், அதுவும் அழுத்தமான எழுத்தில்.

எரியாதா? ஐரோப்பிய வகைப்பாட்டில் எரியாத பொருள்களுக்கு ஏ1, ஏ2 என்று இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. சாதாரண எச்.பி.எல். அவற்றின் பக்கத்திலேயே இல்லை. அது பெறும் எழுத்து டி, அதாவது மரத்துக்குக் கொடுக்கப்படும் எழுத்து. தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்த பலகை பி வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. ஆலோசகருக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் கூடுதல் விலையுள்ள தீத்தடுப்பு ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவரே பரிந்துரைக்கிறார். எரியாத பொருளுக்குத் தீத்தடுப்பு ரகம் எதற்கு? முதல் பக்கத்தில் எரியாதது மூன்றாம் பக்கத்தில் எரியக் கற்றுக்கொண்டதா? வாங்குபவரிடம் பேசும்போது ஒரு மொழி, விலைப்பட்டியலிடம் பேசும்போது ஒரு மொழி என்று வைத்துக்கொண்டிருப்பவர், இரண்டையும் ஒரே கட்டுரையில் அச்சேற்றிவிட்டார்.

கணக்கும் எளிதுதான். 8 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ. எரிந்தால் கிலோவுக்கு விறகு தரும் அளவு வெப்பம் தரும். 500 சதுர மீட்டர் முகப்பு கொண்ட ஒரு கல்லூரி விடுதி என்றால் ஐந்தரை டன் விறகைச் சுவருக்கு வெளியே செங்குத்தாக மாட்டுகிறோம். 2019இல் மெக்கென்னாவும் அவருடைய சகாக்களும் முகப்புப் பொருள்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாக எரியும் பலகைகளைவிட எச்.பி.எல். உமிழ்ந்த மொத்த வெப்பம் 115 மடங்கு என்று வந்தது. பாலிஎத்திலின் நிரப்பிய அலுமினியப் பலகைக்கே அதே ஆய்வில் கிடைத்தது 70 மடங்குதான். அந்த அலுமினியப் பலகை வெப்பத்தை வேகமாகக் கொட்டும், இது நின்று நிதானமாக அதைவிட மிகுதியாகக் கொட்டும் என்பதே வேறுபாடு.

இந்த இடத்தில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனமான தப்பித்தல் வருகிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததற்குக் காரணம் அலுமினியப் பலகை, எச்.பி.எல். அல்ல, ஆகவே அந்தப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள் என்கிறார். சரி, இழுக்கவில்லை. அதற்கு எட்டாண்டு முன்னால், 2009 ஜூலை 3 அன்று, அதே லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 14 மாடி லாக்கனல் ஹவுஸில் ஆறு பேர் இறந்தார்களே, அவர்களில் மூவர் குழந்தைகள், அங்கே படுக்கையறைச் சாளரங்களுக்குக் கீழே இருந்தது என்ன பலகை? உயரழுத்த லாமினேட். ஒன்பதாம் மாடியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் பிடித்த தீ ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பலகையைத் துளைத்து மேலே போனது. 2019 நவம்பர் 15 அன்று போல்டன் நகரில் ‘தி கியூப்’ என்ற ஆறு மாடி மாணவர் விடுதி எரிந்ததே, அதன் மேலாடை என்ன? அதுவும் எச்.பி.எல். 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஓடி உயிர் தப்பினார்கள், ஒருவரும் இறக்கவில்லை. அதனால்தான் ஆலோசகர்களின் நினைவிலும் அது நிற்கவில்லை போலும். உலகத்தின் முகப்புத் தீகளைப் பட்டியலிடும் அளவுக்குப் படித்தவர், தன் பொருள் எரிந்த இரண்டை மட்டும் படிக்காமல் விட்டார் என்றால் அதற்குப் பெயர் மறதி அல்ல.

இனி அந்தப் பாதி உண்மை. ரெயின்ஸ்கிரீன் என்னும் மழைத்திரை முகப்பில் பலகைக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் காற்றிடம் விடப்படுகிறது. வெயில் பலகையில் படும். இடையிலுள்ள காற்று சூடாகி மேலெழும். கீழிருந்து புதுக்காற்று ஏறும். உள்சுவருக்குச் சேரும் வெப்பம் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை நெருங்கும் தருமபுரிக்கு இது நல்லது என்று அவர் சொல்வது சரி, இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்தப் புண்ணியம் காற்றிடத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்னால் சுட்ட மண் ஓடு நின்றாலும், கல்பலகை நின்றாலும், இழைச்சிமென்ட் பலகை நின்றாலும் காற்று அதே வழியில்தான் ஏறும். இடைவெளி ஈட்டிய பெயரைப் பலகையின் கணக்கில் வரவு வைத்தது முதல் தவறு. இரண்டாவது தவறு உயிரோடு விளையாடுவது. சூடான காற்றைத் தடையின்றி மேலே இழுத்துச் செல்லும் அந்தச் செங்குத்து வழி, தீச்சுவாலையையும் அதே தடையின்மையோடு இழுத்துச் செல்லும். குறுகிய இடைவெளிக்குள் புகுந்த சுவாலை காற்றைத் தேடித் தன் இயல்பான நீளத்தைவிட ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை நீளும் என்பது தீப்பொறியியலில் பழைய பாடம். அவர் இடைவெளியைப் புகழும் ஒவ்வொரு வாக்கியமும், படித்துப் பாருங்கள், அந்த இடைவெளி ஒரு புகைபோக்கி என்பதற்கான வாக்குமூலம். மணிமேகலையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை வகுத்துச் சொல்லும்போது விருத்தம் என்று ஒன்றைச் சொல்வார்: நிலைநாட்ட வந்த கூற்றுக்கு நேரெதிரானதை நிலைநாட்டிவிடும் காரணம். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் சாளரத்தைச் சுற்றியும் தீத்தடுப்புப் பட்டைகள் வைக்கலாம். வழக்கமான நாளில் காற்றுக்கு வழிவிட்டு, சூடு பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துவிடும் பட்டைகள் கிடைக்கின்றன. உள்ளே கல்கம்பளி வைத்து, பி வகுப்புப் பலகை போட்டு, பட்டைகளும் பொருத்திய ஒரு சுவர் பிரிட்டன் அரசு 2019இல் நடத்திய பெரிய அளவுச் சோதனையில் தேறியது. அதே ஆண்டு ஜூலையில் அதே அரசு, சி, டி வகுப்பு எச்.பி.எல். கொண்ட முகப்புகள் தீப்பரவலைத் தாங்குவது மிக அரிது என்று எச்சரித்தது. ஆக, தேறியது பலகை அல்ல, சுவர் முழுவதும். நான்கு பக்கத்தில் தீத்தடுப்புப் பட்டை பற்றி ஒரு சொல் இருக்கிறதா? இல்லை. கல்கம்பளி பற்றி? இல்லை. நிறங்கள் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

அவர் நீட்டும் சான்றிதழையும் பார்த்துவிடுவோம். பி வகுப்பைத் தரும் சோதனையில் ஒன்றரை மீட்டர் உயர மூலை ஒன்றில் 30 கிலோவாட் எரிவாயு அடுப்பு எரியும், அவ்வளவுதான். முழுச்சுவரைச் சோதிக்கும் பிரிட்டிஷ் முறையில் எட்டு மீட்டருக்கும் உயரமான சுவரின் அடியில் மரக்குவியல் ஏறத்தாழ 3 மெகாவாட் உச்சத்தில் எரியும். நூறு மடங்கு. ஓர் அறை முழுவதும் பற்றிக்கொண்டு சாளரம் வழியே தீ வெளியே பாயும்போது சுவர் சந்திக்கப்போவது எதை, குப்பைக்கூடையில் எரியும் நெருப்பையா, அந்த 3 மெகாவாட்டையா? முதல் சோதனையின் தாளைக் காட்டி இரண்டாவது சோதனையின் நம்பிக்கையைப் பெற முயல்வது தொழில்நுட்ப அறியாமை என்றால் ஆலோசனைத் தொழிலை விட்டுவிடலாம். அறிந்தே செய்தது என்றால் அதற்கு வேறு சொல் தேவைப்படும்.

‘எங்கள் மாவட்டத்தில் அடுக்குமாடிக் கோபுரம் ஏது, இதெல்லாம் லண்டன் கவலை’ என்ற அவருடைய வரிக்கு வருகிறேன், ஏனென்றால் வாசகர்கள் தலையாட்டக்கூடிய வரி இதுதான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டதுதான் உயர்மாடிக் கட்டடம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறி 15 மீட்டரிலேயே அந்தப் பெயரைக் கொடுக்கிறது. தருமபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் எழும் ஐந்து மாடிகளில் பல இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலோ கீழேயோ நிற்கின்றன. கடுமையான ஆய்வு அவற்றின் வாசலுக்கு வராது. போல்டன் விடுதியும் அப்படித்தான்: 2018 டிசம்பரில் எரியும் முகப்புகளுக்குப் பிரிட்டன் விதித்த தடை 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கானது, அந்த விடுதி அதற்குச் சற்றுக் குறைவான உயரம். விதியின் உயரத்தை எட்டாத கட்டடம் தீயின் உயரத்தையும் எட்டாது என்று எந்தப் பொறியியல் சொல்கிறது? நம் ஊரிலேயே, கிரென்ஃபெல்லுக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 மே 31 அன்று தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் எரிந்தபோது இறுக மூடிய கட்டடத்துக்குள் புகையோடு போராடித் தீயணைப்பாளர்கள் சுவரை உடைக்க வேண்டியிருந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கே பலகை வேறு, தீயின் தோற்றம் வேறு. ஆனால் முகப்பு என்பது அழகின் சங்கதி மட்டுமே என்ற நினைப்பை அந்த நாளுக்குப் பிறகும் ஒருவர் அச்சில் எழுதுகிறார்.

மழையை அதிகம் பேச வேண்டியதில்லை. காற்று ஓட்டிவரும் மழை சுவரை ஊடுருவி நனைக்கும் நார்வேயிலும் கனடாவிலும் 1960களில் கோட்பாடாக வளர்ந்தது இந்த ரெயின்ஸ்கிரீன் முறை. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாத தருமபுரியில் வீடுகள் ஒழுகுவது மொட்டைமாடியில்.

வேலை நடக்கும் விதம் பற்றி அவர் வாய் திறக்காதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. எச்.பி.எல். ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும்; மீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர் அசைவுக்கு இடம்விட வேண்டும். ஒரு பலகையில் ஒரு துளை மட்டும் ரிவெட்டை இறுகப் பிடிக்க, மற்ற துளைகள் பெரிதாக இருக்க வேண்டும். சாரத்தில் ஏறுகிறவர்கள் ஏ.சி.பி. எனும் அலுமினிய ஷீட் மாட்டிப் பழகிய கைகள். எல்லாத் துளையையும் ஒரே அளவில் போட்டு, பலகைகளுக்கு இடையிலான சந்தில் சிலிக்கான் பூசி அடைத்துவிடுவது அவர்களின் பழக்கம், அது அவர்கள் குற்றமும் அல்ல, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடைத்த மறுகணம் காற்றோட்டம் குறைகிறது, ஆலோசகர் புகழ்ந்த குளிர்ச்சி போகிறது, பலகை வளைகிறது, உள்ளே இடைவெளி மட்டும் தீக்காகக் காத்திருக்கிறது.

மலைகளைக் காக்க வேண்டும் என்ற அவருடைய உருக்கம் வேறொருவர் எழுதியிருந்தால் நான் வணங்கியிருப்பேன். கல்குவாரிகள் இம்மண்ணுக்குச் செய்த தீங்கு உண்மை, தூசி உண்மை. ஆனால் கிரானைட்டை மறுத்து அவர் கொண்டுவரும் மாற்று எங்கிருந்து வருகிறது? பீனால் பெட்ரோலியத்திலிருந்து, தாள் மரத்திலிருந்து. மரத்தைக் காக்கிறது என்று அவர் எழுதிய பலகையில் பாதிக்கும் மேல் மரம். ஒருமுறை இறுகிய பிசினை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. கழற்றிய பலகைக்குக் குப்பைமேடு, இல்லாவிட்டால் உலை. பழைய தகடூர் நாடான இம்மண்ணின் நடுகற்களில் பல்லவர் காலத்தவை உண்டு. ஆயிரத்துச் சில்லறை ஆண்டுகளாக வெட்டவெளி வெயிலில் நிற்கும் கல்லுக்கு எதிராக அவர் வைப்பது பத்தாண்டு உத்தரவாதம். கல்லுக்குக் குறை இல்லாமல் இல்லை: 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு 50 கிலோவைத் தாண்டும், சிமென்ட் கலவையை நம்பி உயரத்தில் ஒட்டினால் தலையில் விழும், துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியில் மாட்டினால் செலவு ஏறும். அந்தச் செலவை எடுத்து வைத்து வாதாடியிருந்தால் நேர்மையான சண்டையாக இருந்திருக்கும். சுற்றுச்சூழலை முன்னால் நிறுத்தி, சதுர அடிக் கமிஷனைப் பின்னால் மறைத்தது ஏன்?

உத்தரவாதத்தையும் படித்துப் பார்த்திருக்கிறேன். இத்தகைய தாள்கள் பெரும்பாலும் நிறம் மங்குவதற்கும் அடுக்கு பிரிவதற்கும் பொறுப்பேற்கும். பொருத்தியதில் பிழை என்றால் விலகிக்கொள்ளும். பொருத்துவது யார் என்பதை மேலே சொன்னேன்.

அடுத்த மலரில் அவர் மறுப்பு எழுதுவார். எழுதட்டும். தான் பரிந்துரைக்கும் முழுச்சுவர் எந்தப் பெரிய அளவுச் சோதனையில் தேறியது என்ற அறிக்கையும், தளந்தோறும் தீத்தடுப்புப் பட்டை எங்கே வரும் என்ற வரைபடமும், சதுர அடிக்குத் தனக்கு யாரிடமிருந்து எவ்வளவு வருகிறது என்ற ஒற்றை வரியும் அதில் இருக்கட்டும். இவை இல்லாமல் மறுபடியும் வண்ணப்படங்கள் வந்தால், தருமபுரியில் விடுதி கட்டுகிறவர்கள் அதை விளம்பரப் பக்கமாகவே எண்ணிப் புரட்டிவிடலாம்.