கொடியில் இடம் உண்டு, காணியில் இடம் எங்கே?



பெப்ரவரி 4ஆம் திகதி தோட்டப் பாடசாலையிலும் தொழிற்சாலை வாசலிலும் தேசியக் கொடி ஏறும். வாளேந்திய சிங்கத்துக்குப் பக்கத்தில், கம்பத்தோரமாகப் பச்சை, செம்மஞ்சள் என இரண்டு கோடுகள். பச்சை முஸ்லிம் மக்களுக்கு, செம்மஞ்சள் தமிழ் மக்களுக்கு என்று நம் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அந்தச் செம்மஞ்சளில் மலையகத் தொழிலாளி சேர்த்தியா, இல்லையா? இதுவே நமது கேள்வி.

1948இல் சுதந்திரத்தின்போது ஏறிய சிங்கக் கொடியில் இந்தக் கோடுகள் இல்லை. பின்னர் ஒரு குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி கோடுகளைச் சேர்த்து, 1951இல் கொடியை ஏற்றுக்கொண்டார்கள். குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை.

கொடியைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் நமக்கு என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. ஒரு கை தமிழனுக்குக் கோடு வரைந்தது. மறு கை லட்சக்கணக்கான தமிழரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை ஆடுமாடுபோலப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். மீதிப் பேருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நாடற்றவர் என்ற பெயர் சட்டத்தில் தீர 2003 வரை காத்திருந்தோம்.

1972இல் கொடியின் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் வந்தன. கருணை அவற்றின் பொருள்களில் ஒன்று. அடுத்த சில வருடங்களில் தோட்டங்களில் நம் சனம் பட்டினியால் செத்தது.

"அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் வாக்கு இருக்கிறதே" என்பார்கள். சரி, இன்றைய கதையைப் பேசுவோம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். குத்தகை கம்பனிக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக நாம் குடியிருக்கும் லயன் காம்பராவுக்கு நம்மில் பெரும்பாலானோரிடம் உறுதி இல்லை. வீட்டுக்கு இலக்கம் இல்லாததால் பிள்ளையின் வேலைக் கடிதம்கூடத் தோட்டக் காரியாலயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

கொடியை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2015இல் இந்த இரண்டு கோடுகளையும் நீக்கிய கொடியோடு கொழும்பில் சிலர் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு நாம் இடம் கொடுக்க முடியாது. கோடு இருக்க வேண்டும். ஆனால் கோடு மட்டும் போதாது.

கொடியைக் கம்பத்தில் கட்டுவது கோடுகள் உள்ள பக்கத்தில்தான். வெளியில் காற்று அடிக்கும்போது முழு இழுவையையும் தாங்குவது அந்தப் பக்கம். கொழுந்துக் கூடையைச் சுமந்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தரும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, இந்த முறை கொடியேற்ற வரும் அரசியல்வாதியிடம், அவர் எந்தக் கட்சியானாலும், மூன்றே கேள்வி கேளுங்கள். காணி உறுதி எப்போது? தனி வீடு எப்போது? வீட்டு இலக்கத்தோடு முகவரி எப்போது? திகதி சொல்லச் சொல்லுங்கள். சொன்ன திகதியைத் தோட்டக் கமிட்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பெப்ரவரி 4இல் அதே புத்தகத்தை அவர் முன்னால் விரிப்போம்.