அவர்கள் கழற்றி எறிந்த அங்கி

மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு அடிப்படை உரிமை எதுவும் கிடையாது. இது ஏதோ பெண்ணிய அமைப்பின் துண்டறிக்கையில் வந்த கருத்து அல்ல. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இருப்பது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொடர்ந்து படித்தபோது அரசு என்னைப் பழையபடி சாய்த்துவிட்டது. அந்த மீறலை வல்லுறவு என்று சொல்வது அளவுக்கு மீறிய கடுமையாம். திருமணம் என்ற அமைப்பே குலைந்துபோகுமாம். இது சட்டப் பிரச்சினை என்பதைவிடச் சமூகப் பிரச்சினையாம். மாநிலங்கள் உட்பட எல்லோரையும் கலந்து பேசாமல் முடிவெடுக்கக் கூடாதாம்.

ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் நாம் கேட்டுப் பழகிய தீர்ப்புதான் இது. பொருள் களவு போனது உண்மை, எடுத்தவன் இவன்தான் என்பதும் உண்மை, ஆனால் திருடன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், குடும்பத்துக்கு ஆகாது.

அரசு காக்க நினைப்பது இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் உள்ள இரண்டாவது விதிவிலக்கை. மனைவிக்கு 18 வயது நிறைந்துவிட்டால், கணவன் அவளோடு கொள்ளும் உடலுறவு வல்லுறவு ஆகாது என்கிறது அது. அவள் மறுத்தாளா, அழுதாளா, காய்ச்சலில் கிடந்தாளா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. தாலி போதும்.

இந்த விதிவிலக்குக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து சேரும் இடம் நம் பண்பாடு. 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் உள்துறை இணையமைச்சர் எழுத்து மூலம் அளித்த பதிலில் காரணங்களை வரிசையாக அடுக்கினார்: கல்வியின் நிலை, எழுத்தறிவின்மை, வறுமை, சமூக வழக்கம், மத நம்பிக்கை, திருமணத்தைப் புனிதச் சடங்காகக் கருதும் மனப்போக்கு. இவற்றால் திருமண வல்லுறவு என்ற கருத்தாக்கம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார். வறுமையும் எழுத்தறிவின்மையும் இருக்கும் நாட்டில்தான் பெண்ணுக்குச் சட்டத்தின் துணை கூடுதலாகத் தேவை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் கட்டாதது அரசு. அதற்கான தண்டனையை அனுபவிப்பது மனைவி.

போகட்டும், பண்பாடு என்கிறார்களே, அதன் பூர்வீகத்தைப் பார்ப்போம். மாத்யூ ஹேல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நீதிபதி. சூனியம் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பெண்களை 1662இல் தூக்குக்கு அனுப்பியவர். திருமணத்தின்போதே மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்படைத்துவிடுகிறாள், அந்தச் சம்மதத்தை அவள் திரும்பப் பெற முடியாது என்று எழுதிவைத்தவரும் அவரே. அவர் இறந்து 60 ஆண்டுகள் கழித்து, 1736இல் அது அச்சேறியது. 1837இல் மெக்காலே தயாரித்த தண்டனைச் சட்ட வரைவில் அதே சிந்தனை விதிவிலக்காக ஏறியது. 1860 சட்டத்தில் நிலைத்தது. நம் முப்பாட்டிகளின் மரபு என்று இன்று நாம் கட்டிப்பிடித்திருப்பது, சூனியக்காரிகள் உண்டு என்று நம்பிய ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் அங்கி. அதை அவருடைய நாடே 1991இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பால் கழற்றி எறிந்துவிட்டது. அப்போது இந்து அரசாகவே இருந்த நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2002இலேயே, மனைவியை வல்லுறவு கொள்வதும் குற்றம்தான் என்றது. அங்கே திருமணம் புனிதமற்றுப் போய்விட்டதா? காலனியச் சுவடுகளை அழிக்கிறோம் என்ற முழக்கத்தோடு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சன்ஹிதா, பெயரைச் சமஸ்கிருதமாக்கியது, பிரிவுகளின் எண்களை மாற்றியது, ஹேலின் அங்கியை மட்டும் மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்துக்கொண்டது.

அடுத்தது, திருமண அமைப்பு குலைந்துபோகும் என்ற அச்சம். இது நமக்குப் புதிதல்ல. 1890 வாக்கில் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிட ஏறத்தாழ 25 வயது மூத்த கணவன் வலுவில் கொண்ட உறவால் இறந்தாள். வயது 11 சொச்சம். அன்றைய சட்டத்தில் மனைவிக்கான வயது வரம்பு 10. அவள் அதைத் தாண்டிவிட்டதால் வல்லுறவுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. வேறொரு சிறிய பிரிவில் அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சாவுக்குப் பிறகு 1891இல் வரம்பை 12 ஆக உயர்த்த அரசு முனைந்தபோது, மதத்திலும் குடும்பத்திலும் சட்டம் நுழைவதா என்று திலகர் உட்படப் பலர் கொதித்தெழுந்தார்கள். 12 ஆனது. திருமணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை 18க்குக் கொண்டுவந்தது. அப்போதும் எந்தக் கல்யாண மண்டபமும் மூடப்படவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். சத்தீஸ்கரில் 2017இல் ஒரு பெண் இறந்தாள். கணவன் வலுவில் கொண்ட உறவே காரணம் என்று மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறந்தாள். விசாரணை நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவனை விடுவித்தது. அவர்கள் கணவன் மனைவி, அவள் வயது வரம்பைக் கடந்தவள் என்றது அது. விதிவிலக்கு இருக்கும்போது அவளுடைய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பூல்மணி வழக்கில் 1890இல் அந்நிய ஆட்சியின் நீதிமன்றம் ஓராண்டாவது கொடுத்தது. குலைந்துவிடும் என்று அரசு பதறும் திருமணத்துக்குள் அந்தப் பெண்ணும்தான் இருந்தாள்.

சமூகப் பிரச்சினை, எனவே சட்டம் பொறுமையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை, அதைச் சொல்லும் அரசாவது நம்புகிறதா? முத்தலாக் சொல்லும் முஸ்லிம் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று 2019இல் சட்டம் இயற்றியது இதே அரசுதான். அப்போது சமூகம் தயாரா என்று அரசு கேட்கவில்லை. கணவனைச் சிறைக்கு அனுப்பினால் குடும்பம் என்னாகும் என்ற கவலையும் அதற்கு எழவில்லை. வாயால் சொன்ன சொல்லுக்குச் சிறை, உடல்மீது நடந்த வன்முறைக்குக் கலந்தாலோசனை! ஒரு சமூகத்தின் கணவனைத் திருத்தச் சட்டம் போதும், மற்ற சமூகங்களின் கணவன்மாரைத் திருத்தக் காலம்தான் வர வேண்டும் என்பது எந்த ஊர் அறம்?

வேறு பிரிவுகள் இருக்கின்றனவே, குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறதே என்கிறது பிரமாணப் பத்திரம். இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையையும் வன்முறையாகவே வரையறுக்கிறது. ஆனால் அது பாதுகாப்பும் ஜீவனாம்சமும் பெற்றுத்தரும் உரிமையியல் சட்டம். கணவனின் கொடுமைக்கான பிரிவில் உச்சத் தண்டனை மூன்றாண்டு. வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. இதைவிட விசித்திரம், சன்ஹிதாவின் 67ஆம் பிரிவு. பிரிந்து வாழும் மனைவியோடு சம்மதமின்றி உறவு கொண்டால் கணவனுக்கு இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது அது. ஆக, கணவனும் குற்றவாளி ஆகலாம் என்பதைச் சட்டம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். போக்கிடம் உள்ளவளுக்கு ஒரு நீதி, போக்கிடமற்றவளுக்கு இன்னொரு நீதி. பத்தாண்டு கடுமை என்று உண்மையிலேயே நினைத்தால், 67ஆம் பிரிவைப் போலத் தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். அது நியாயமான விவாதம். அதைக் காட்டிக் குற்றமே இல்லை என்பது விவாதமல்ல, நழுவல்.

சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற ஆட்சேபமும் உண்டு. பொய் வழக்குகள் வரலாம். எந்தச் சட்டத்தில்தான் வரவில்லை? மூடிய அறைக்குள் நடந்ததை நிரூபிப்பது கடினம் என்பதும் மெய். அதைச் சலித்துப் பார்க்கத்தான் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் இருக்கின்றன. சட்டம் வந்த மறுநாளே பெண்கள் காவல் நிலைய வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்ற மயக்கமும் எனக்கு இல்லை. சோற்றுக்குக் கணவனை நம்பியிருப்பவள் புகார் எழுதத் துணிவது லேசான காரியமா? சட்டம் ஒரே நாளில் மனிதர்களை மாற்றிவிடாது. ஆனால் துணிந்து வரும் ஒருத்தியிடம், உனக்கு நடந்ததற்கு எங்கள் புத்தகத்தில் பெயரே இல்லை என்று சொல்லாமலாவது இருக்கும்.

எல்லோரையும் கலந்து பேச வேண்டும் என்ற கோரிக்கைதான் மிச்சம். பேச வேண்டியதுதான். ஆனால் அரசே ஏற்கெனவே கேட்டுவிட்டதே! 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கணவனுக்குப் பால்வினை நோய் இருந்தால், வேறு பெண்ணோடு தொடர்பு இருந்தால், தனக்குக் களைப்பாக இருந்தால் மனைவி மறுக்கலாமா? மூன்று காரணங்களுக்காகவும் மறுக்கலாம் என்றார்கள் 80 சதவீதப் பெண்களும் 66 சதவீத ஆண்களும். எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது என்றவர்கள் பெண்களில் 8 சதவீதம், ஆண்களில் 10 சதவீதம்.

களைப்பாக இருக்கிறது என்று மனைவி சொன்னால் விட்டுவிட வேண்டும் என்பது இந்த நாட்டு ஆண்களிலேயே மூன்றில் இருவருக்குத் தெரிந்திருக்கிறது. தயாராகாத சமூகம் என்று அரசு நீதிமன்றத்தில் யாரைக் காட்டுகிறது? அந்தப் பத்து சதவீதத்தையா?