ஜொள்ளுச் சட்டையும் போகாத வாடையும்

பல் முளைக்கும் குழந்தை சிரித்தால் வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்போடு ஜொள்ளும் மார்பில் வழியும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் விருந்துக்கு வந்த ஒன்றுவிட்ட அத்தை, குழந்தையை வாரி எடுத்த கையோடு மூக்கைச் சுளித்து, “ஏண்டியம்மா, குழந்தைச் சட்டையைத் துவைக்கிறதே இல்லையா?” என்று கேட்டுவிட்டால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும்! அவளோ அன்று காலையில்தான் அந்தச் சட்டையைச் சோப்புப் போட்டுக் கசக்கி, வெயிலில் உலர்த்தி, மடித்து எடுத்து மாட்டியிருப்பாள்.

சகோதரிகளே, குற்றம் உங்கள் கையில் இல்லை. துவைக்கும் முறையில்தான் இருக்கிறது.

உலர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும் சட்டை, ஜொள்ளு பட்டு ஈரமானவுடன் பழைய சிக்கு வாடையை ஏன் கிளப்புகிறது? எச்சிலில் பெரும் பங்கு வெறும் தண்ணீர்தான். ஆனால் அதோடு வழவழப்பான ஒரு புரதமும் இருக்கிறது. குழந்தை கக்கிய பாலும், பிசைந்து ஊட்டிய பருப்புச் சாதமும் அதோடு சேர்ந்து நூலிழைகளுக்குள் புகுந்துகொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு இதைவிட நல்ல விருந்து உண்டா? 2012-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், துவைத்த துணியில் வரும் ஈர வாடைக்குக் காரணமான ஒரு கிருமியை அடையாளம் கண்டார்கள். மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்பது அதன் பெயர். பெயரைப் போலவே ஆளும் கெட்டி. உலர்த்தினாலும் வெயிலின் கதிர் பட்டாலும் லேசில் மடிவதில்லை. ஈரம் கிடைத்ததும் மறுபடி தலை தூக்குகிறது. எனவே வெயில் மட்டும் போதாது. அதன் சாப்பாட்டையும் துணியிலிருந்து அகற்ற வேண்டும்.

முதலில் பச்சைத் தண்ணீர்

நம்மில் பலர் வாடை வருகிறது என்றதும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுகிறோம். கொதிநீரில் விட்ட முட்டையின் வெள்ளைக்கரு என்ன ஆகிறது? கெட்டிப்பட்டுவிடுகிறது அல்லவா? எச்சிலிலும் பாலிலும் உள்ள புரதமும் அப்படித்தான் நூலோடு இறுகிவிடும். ஆகவே சட்டையைக் கழற்றியதும், குழாயடியில் கழுத்துப் பக்கத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். உடனே துவைக்க நேரமில்லையா? அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி அழுக்குக் கூடையில் அடைப்பதுதான் வாடைக்குப் பிறந்த வீடு.

பிறகு ஊறப்போட வேண்டும். என்ஸைம் சேர்ந்த சலவைத் தூளாகப் பார்த்து வாங்குங்கள்; உறையிலேயே அச்சிட்டிருக்கும். புரதத்தையும் மாவுப் பண்டத்தையும் துண்டு துண்டாக்கி நீரில் கரையச் செய்வது இதன் வேலை. இது புதிய வித்தையும் அல்ல. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற ரசாயன அறிஞர் 1913-லேயே, கணையத்திலிருந்து எடுத்த சத்தைக் கொண்டு துணி ஊறவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இந்தத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவிடுங்கள். கொதிநீரில் என்ஸைம் செத்துப் போகும். பட்டுப் பாவாடைக்கும் கம்பளிச் சட்டைக்கும் இது ஆகாது. அவையே புரதத்தால் ஆனவை. பட்டுக்குப் பூந்திக்கொட்டை நீரே போதும்.

ஊறிய துணியைக் கழுத்து, மார்பு, கைநுனி மூன்றையும் கவனித்துக் கசக்கி, குறைந்தது மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் உள்ள வீடுகளில் சோப்பு நுரைக்காமல் திப்பியாகத் துணியில் தங்கும். அந்தத் திப்பியும் வாடையைப் பிடித்து வைக்கும். கடைசி அலசலில் அரை வாளித் தண்ணீருக்குக் கால் கோப்பை வெள்ளை வினிகர் சேர்த்தால் திப்பி விடும்.

பழைய வாடை பிடிவாதமாக நின்றால், ஒரு வாளி நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து அரை மணி ஊறவைத்துப் பின் துவைக்கலாம். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பொங்கும் வேடிக்கையோடு சரி. இரண்டின் சக்தியும் வீண். பிளீச்சிங் பவுடரோடு வினிகரை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கறையும் பிசுக்கும் போன பிறகு, வெள்ளைப் பருத்தித் துணியை நல்ல வெந்நீரில் முக்கி எடுக்கலாம். வெந்நீர் வாளி குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

உலர்த்தும்போது சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மின்விசிறிக் காற்றில் இடம் விட்டு உலர்த்தி, இஸ்திரி போட்டு வையுங்கள்.

வேண்டாத வாசனை

வாடையை மறைக்கச் செண்டு தெளிப்பதும், பெட்டியில் அந்துருண்டை போடுவதும் சில வீடுகளில் வழக்கம். செண்டு வாடையைப் போக்காது, மூடித்தான் வைக்கும். அந்துருண்டை விஷயம் விளையாட்டல்ல. அதில் பெரும்பாலும் நாப்தலீன் இருக்கிறது. ஜி-6-பி-டி என்ற என்ஸைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் அந்த வாசனை ஏறிய துணியை உடுத்தினால், இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து இரத்த சோகையும் மஞ்சள் காமாலையும் காணக்கூடும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். குறை இருப்பது பார்த்தால் தெரியாது. ஆகவே குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய தொட்டில் துணியையும் துவைத்துக் காற்றாட உலர்த்திய பிறகே உபயோகியுங்கள். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலை போதும்.

வைத்தியரைப் பார்க்க வேண்டிய சமயம்

இவ்வளவு செய்தும் வாடை குழந்தையிடமிருந்தே வருகிறதா? மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், பட்டாணியோ பாசிமணியோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களே தோண்டாமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். திடீரென்று ஜொள்ளு பெருகி, விழுங்க முடியாமல், ஜுரமோ மூச்சுத் திணறலோ கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. நாலு வயது கடந்தும் விழித்திருக்கும்போது ஜொள்ளு வடிந்தால் அப்போதும் காட்டுவது நல்லது. மார்பில் கட்டும் ஜொள்ளுத் துணியைத் தூங்கும்போது அவிழ்த்துவிட மறவாதீர்கள், கழுத்தை இறுக்கிவிடும்.

மற்றபடி கவலை வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் ஜொள்ளு தானே அடங்கிவிடும். அதற்குப் பிறகு சட்டையில் மாம்பழக் கறையும் மைக் கறையும் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை வேறொரு வாரம் பார்ப்போம்.